வரலாற்றிலேயே மிகக் கொடூரமான சர்வாதிகாரி யார்? கொன்றவர்களின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்த முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் ஏதோ ஒரு வாக்குவாதத்தின் நடுவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் ஹிட்லர் என்கிறார். இன்னொருவர் மாவோ கணக்குதான் பெரிசு என்கிறார். மூன்றாவது ஆள் செங்கிஸ் கானைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கையில் ஒரு பட்டியல் இருந்தால் பேச்சை முடித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்காக ஏழு மாதம் உட்கார்ந்தேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஓர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிணங்களின் எண்ணிக்கையைக் கட்டம் போட்ட தாளில் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

என் மனைவியின் தம்பி நிறையப் படிப்பவர். ஒரு நாள் இரவு பேச்சு இங்கே வந்து நின்றது. "அத்தான், மாவோ காலத்துப் பஞ்சத்துல செத்தது நாலரைக் கோடி. அதுக்கு முன்னாடி ஹிட்லர் எல்லாம் ஒண்ணுமே இல்லை" என்றார். அந்த 'ஒண்ணுமே இல்லை' என்னைச் சுட்டது. "சும்மா பேச வேண்டாம், நான் அட்டவணை போட்டுத் தரேன், அப்புறம் பேசுவோம்" என்றேன். பெயர், நாடு, ஆண்டுகள், குறைந்தபட்ச மதிப்பீடு, அதிகபட்ச மதிப்பீடு, கொன்ற முறை, வரிசை எண் என்று ஏழு கலங்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன்.

முதல் வரியே நிற்கவில்லை. 1958 முதல் 1962 வரை சீனாவில் நடந்த பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி என்று கணக்கிட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், நாலரைக் கோடி என்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று கோடிப் பேர். அந்த அகலத்தில் ஒரு நாட்டையே வைக்கலாம். அதைவிட என்னை உறுத்தியது பஞ்சம் வந்த விதம். கம்யூன் என்ற கூட்டுப்பண்ணைகளின் அதிகாரிகள் மேலிடத்தைத் திருப்திப்படுத்த விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதினார்கள். அந்தப் பொய் விளைச்சலை வைத்து அரசு தன் பங்குத் தானியத்தை எடுத்துக்கொண்டு போனது. விளைவித்தவனுக்கு மிஞ்சவில்லை. காகிதத்தில் ஏறிய ஓர் எண் வயிற்றைக் காயப்போட்டுக் கொன்றது. என் தொழிலில் இருந்தவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சாதாரணமாக அடுத்த வரிக்குப் போக முடியாது.

பஞ்சத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் ஒரே கலத்தில் எழுதலாமா என்பது அடுத்த சிக்கல். எழுதக் கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். பஞ்சம் ஆட்சியின் மடத்தனம், படுகொலை வேறு என்று நினைத்தேன். ஸ்டாலின் காலத்து உக்ரைனைப் படித்ததும் அந்த முடிவு போய்விட்டது. 1932-33இல் அங்கே பட்டினியால் செத்தவர்கள் 35 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை என்று சொல்கிறார்கள். தானிய இலக்கை எட்டாத கிராமங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, உள்ளே எந்தப் பொருளும் போகாமல் தடுத்தார்கள். 1933 ஜனவரியில் விவசாயிகள் சோறு தேடி வெளியேறுவதையும் உத்தரவு போட்டு நிறுத்தினார்கள். வாசலைப் பூட்டிவிட்டுப் பட்டினி போட்டால் அதை மடத்தனம் என்று எப்படி எழுதுவது? அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 1943 வங்கப் பஞ்சத்தையும் அப்போதுதான் சேர்த்தேன். அதில் போனவை 20 முதல் 30 லட்சம் உயிர்கள். அதை யார் பெயருக்கு நேராக எழுதுவது என்பதில் எனக்கும் மைத்துனருக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை.

செங்கிஸ் கான் காலத்து எண்களை என்னால் நம்ப முடியவில்லை. 1221இல் மத்திய ஆசியாவின் மெர்வ் நகரம் அழிந்தபோது பிணங்களை 13 நாள் இரவு பகலாக எண்ணினார்கள், 13 லட்சத்துக்கு மேல் வந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து நகரம் ஒன்றில் அத்தனை பேர் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எண்ணியவர்களைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். 13 நாள் ஒரு மனிதன் அந்த வேலையைச் செய்திருக்கிறான்.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் வரியில் எதையுமே எழுத முடியாமல் நின்றேன். 1885இலிருந்து 1908 வரை காங்கோ ஒரு நாட்டின் காலனிகூட இல்லை, அந்த மனிதரின் சொந்தச் சொத்து. ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை. ரப்பர் இலக்கை எட்டாத ஊர்களுக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள். தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று காட்ட, செலவான தோட்டாவுக்குக் கணக்காகச் செத்தவரின் வலது கையை வெட்டிக்கொண்டு வர வேண்டும். குறி தவறினால் உயிரோடு இருப்பவரின் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்தார்கள். ஒரு கோடிப் பேர் குறைந்தார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் பாதிகூட இருக்காது என்பவர்களும் இருக்கிறார்கள். தீர்க்க வழியில்லை. அதற்கு முன்னால் அங்கே மக்கள்தொகைக் கணக்கே கிடையாது. 1908இல் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைப்பதற்கு முன் லியோபோல்டின் ஆட்கள் பிரஸ்ஸல்ஸில் எட்டு நாள் ஆவணங்களை எரித்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் அட்டவணை எதை அளக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. அது கொடுமையை அளக்கவில்லை. எவ்வளவு காகிதம் மிஞ்சியது என்பதைத்தான் அளக்கிறது. எழுதி வைத்தவனுக்குத் துல்லியமான எண் கிடைக்கிறது. எரித்தவனுக்கு ஒரு கேள்விக்குறியும், அந்தக் கேள்விக்குறியின் நிழலில் கொஞ்சம் மன்னிப்பும் கிடைக்கிறது.

எழுதி வைத்தவர்களுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1943 ஜனவரி 11 அன்று போலந்தின் லுப்ளினிலிருந்து ஹெர்மன் ஹோஃப்லே என்ற, ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார். பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெச்லி பார்க்கில் அதை இடைமறித்து உடைத்துவிட்டார்கள், ஆனால் அதன் அர்த்தம் யாருக்கும் விளங்கவில்லை. எல், பி, எஸ், டி என்று நான்கு எழுத்துகள், எதிரே எண்கள், அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில்தான் ஆவணக் காப்பகத்தில் அது என்ன என்று அடையாளம் கண்டார்கள். லுப்ளின், பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா ஆகிய கொலை முகாம்களுக்கு 1942 முடியும்வரை வந்து சேர்ந்த யூதர்களின் எண்ணிக்கை. 24,733. 4,34,508. 1,01,370. 71,355. மொத்தம் 12,74,166.

பழக்கம் விடவில்லை, பென்சில் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 6,31,966 தான் வருகிறது. 6,42,200 குறைகிறது. டிரெப்ளிங்காவின் எண்ணில் ஒரு 5 விடுபட்டிருக்கிறது, அது 7,13,555 என்று இருக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த 5-ஐச் சேர்த்ததும் மொத்தம் ஒன்று கூடாமல் குறையாமல் பொருந்தியது. எனக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. கணக்கு டேலி ஆனால் வரும் நிம்மதி, 31 ஆண்டு உடம்பில் ஊறிய நிம்மதி. என்ன கணக்கு டேலி ஆனது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அந்தக் கோப்பை மூடி வைத்தேன், பத்து நாள் திறக்கவில்லை.

திறந்தபோது ரிச்சர்ட் கோர்ஹெர் என்ற பெயர் வந்தது. எஸ்.எஸ். அமைப்பின் புள்ளிவிவர ஆய்வாளர், அதாவது என் தொழில்காரர். ஐரோப்பிய யூதர்களின் 'இறுதித் தீர்வு', அதாவது அவர்களை அழிக்கும் திட்டம், எவ்வளவு நடந்திருக்கிறது என்று 1943இல் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்கு ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்தார். அதே 12,74,166 அதிலும் இருக்கிறது. அறிக்கையில் 'சிறப்பு நடவடிக்கை' என்ற சொல் வந்திருந்தது. கொலைக்கு அவர்கள் வைத்திருந்த மறைபெயர் அது. அந்த மறைபெயர்கூட இருக்கக் கூடாது, 'முகாம்கள் வழியாகக் கிழக்கே அனுப்பப்பட்டவர்கள்' என்ற பொருளில் மாற்று என்று ஹிம்லரிடமிருந்து உத்தரவு வந்தது. எண்ணில் கை வைக்கவில்லை. தலைப்பு மட்டும் மாறியது.

இப்போது என் கதை. இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து பத்து ஆண்டு ஆகியிருந்த சமயம், ஒரு தொற்றுக் காய்ச்சல் பரவியது. மாதாந்திர அறிக்கையில் அந்தக் காய்ச்சலின் தலைப்பில் 43 இறப்புகள் வந்தன. பதிவேடுகளோடு ஒவ்வொன்றாக நான்தான் ஒப்பிட்டேன், அதனால் எண்ணில் தவறில்லை என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி கூப்பிட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. "மொத்தத்தை மாத்த வேண்டாம். ஒரு முப்பத்திரண்டை மட்டும் 'பிற காரணங்கள்'ல போட்டுடுங்க. தேவையில்லாம பீதி கிளம்பும்" என்றார். மொத்தம் மாறாது. கூட்டல் டேலி ஆகும். நான் போட்டேன். கீழே இருப்பதும் என் கையெழுத்துதான். அந்தத் தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் மருந்தும் ஆட்களும் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன்.

உடனே சிலர் கிளம்புவார்கள், "ஒரு அலுவலகத் திருத்தத்தையும் இனப்படுகொலையையும் ஒப்பிடுகிறாயா" என்று. ஒப்பிடவில்லை. அங்கே நடந்தது ஓர் இனத்தையே அழிக்கும் திட்டம், இங்கே ஒரு கோழையின் செயல். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தலைப்பை மாற்றி எழுதும்போது பேனா எப்படி நகரும் என்பதும் எனக்குத் தெரியும். ரொம்பச் சாதாரணமாக நகரும்.

கோர்ஹெர் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்தார். தனக்கு எதுவும் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்து, 1989இல் இறந்தார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். 1937 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 1934 கட்சி மாநாட்டில் நாட்டின் மக்கள்தொகை 16 கோடியே 80 லட்சம் என்று ஸ்டாலின் ஏற்கெனவே அறிவித்திருந்தார். கணக்கெடுப்பில் வந்ததோ சுமார் 16 கோடியே 20 லட்சம். மூன்று ஆண்டு கழித்து ஏறியிருக்க வேண்டியது இறங்கியிருந்தது. பட்டினியில் செத்தவர்கள் அந்தக் குறைவுக்குள் இருந்தார்கள். அதோடு, பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்றும் துணிந்து பதில் சொல்லியிருந்தார்கள். கணக்கெடுப்பே செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த ஒலிம்பி க்விட்கின் என்ற புள்ளிவிவர நிபுணர் கைதாகி, அதே ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களைக் குறைத்துக் காட்டிய துரோகிகள் என்று பழி. 1939இல் புதிதாக எண்ணி 17 கோடி என்று வெளியிட்டார்கள். அந்த முறை எண்ணியவர்களுக்கு என்ன எண் வர வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அதே 1937 ஜூலையில் அதே அரசு கொல்வதற்கும் எண் கொடுத்தது. 00447 என்ற உத்தரவில் மாகாணவாரியாக இலக்கு: சுட வேண்டியவர்கள் 75,950, முகாமுக்கு அனுப்ப வேண்டியவர்கள் 1,93,000. மாகாண அதிகாரிகள் எங்களுக்கு இன்னும் அதிகம் ஒதுக்குங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். பிற வழக்குகளையும் சேர்த்து 1937-38இல் சுடப்பட்டவர்கள், அவர்களுடைய சொந்த ஆவணத்தின்படியே, 6,81,692 பேர். உயிரோடு இருப்பவர்களை எண்ணியதற்குத் தண்டனை, செத்தவர்களை இலக்குக்கு மேல் எண்ணிக் காட்டியவர்களுக்குப் பாராட்டு.

"ஒருவர் செத்தால் துயரம், லட்சம் பேர் செத்தால் புள்ளிவிவரம்" என்று ஸ்டாலின் சொன்னதாக ஒரு வாக்கியத்தை எல்லோரும் பகிர்கிறார்கள். இந்தக் கேள்விக்கும் யாராவது அதைக் கொண்டுவருவார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. தயவுசெய்து பகிராதீர்கள். புள்ளிவிவரத்துக்காக உயிரை விட்டவர்களின் நாடு அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொட்டிவிட வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நான் ஓய்வு பெற்ற இரண்டாவது ஆண்டு, என் அலுவலகம் பழைய பதிவேடுகளைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிட்டது. இடம் போதவில்லையாம். நாற்பது ஆண்டுக் கையெழுத்துப் பதிவேடுகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். ஏற்றியது மொத்தங்களை மட்டும். பெயர், வயது, காரணம் எதுவும் ஏற்றவில்லை. மூன்று மனு எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் போனபோது, "சார், செத்தவங்க லிஸ்ட்டை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒரு இளைஞர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் மாற்றிய அந்த 32 பேர் உண்மையில் எதனால் செத்தார்கள் என்று காட்டும் ஒரே காகிதமும் அதில்தான் இருந்தது. எப்போதாவது யாராவது பார்த்துத் திருத்துவார்கள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். இனி யாரும் திருத்த முடியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவினால் அதுவும் ஒரு தப்பித்தல்தான்.

ஒரு கூட்டத்தில் குழந்தைகூட மிஞ்சக் கூடாது என்று திட்டம் போட்டு, அதற்கென்றே ரயிலும் கட்டடமும் ஒதுக்கிக் கொன்றதில் ஹிட்லருக்கு இணையாக நான் யாரையும் வைக்க மாட்டேன். கொல்லப்பட்ட யூதர்கள் மட்டும் சுமார் 60 லட்சம். காகிதத்தைப் பற்றி இவ்வளவு பேசினேன் என்பதால் அந்த எண்ணில் ஐயம் இருக்கிறது என்று யாரும் திரித்துவிடக் கூடாது. ரயில் பதிவுகள், போருக்கு முந்தைய பிந்தைய மக்கள்தொகை, கொன்றவர்களின் சொந்த அறிக்கைகள் என்று தனித்தனி வழிகளில் போனாலும் ஏறக்குறைய அங்கேயே வந்து சேரும் எண் அது.

ஒருவருடைய ஆட்சியில், அவருடைய கொள்கையால் இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் அளவுகோல் என்றால், பெரும்பாலான மதிப்பீடுகளில் மாவோ மேலேதான் இருப்பார். மைத்துனர் சொன்னதில் அந்த அளவு உண்மை உண்டு.

தன் நாட்டில் எத்தனையில் ஒருவரைக் கொன்றார் என்று கேட்டால் போல் பாட். கம்போடியாவின் மக்கள்தொகை அப்போது சுமார் 78 லட்சம். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை, நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை, 15 முதல் 20 லட்சம் பேர் போய்விட்டார்கள். நாலு பேரோ ஐந்து பேரோ இருந்த வீட்டில் ஒருவர். தலைநகர் புனோம் பென்னின் டுவோல் ஸ்லெங் சிறை முன்பு ஒரு பள்ளிக்கூடம். அதை நடத்திய டுச், அதற்கு முன் கணித ஆசிரியர். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எண் அட்டையோடு படம் எடுத்து, வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, கோப்பு போட்டு வைத்திருந்தார். குறைந்தது 12,000 பேர். கடைசியில் அந்தக் கோப்புகளே நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நின்றன. 2012இல் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனை ஆயுள் தண்டனையாக உயர்ந்தது.

ஸ்டாலினை ஹிட்லரோடு சேர்த்து எழுதுவதா என்று ஒரு பக்கமும், காலனி ஆட்சிக்காரர்களை ஏன் மென்மையாக விட்டாய் என்று இன்னொரு பக்கமும் திட்டுவார்கள் என்று தெரியும். முதலாமவர்களுக்கு: 6,81,692 என்பது எதிரிகள் சொன்ன எண் இல்லை. இரண்டாமவர்களுக்கு: லியோபோல்டுக்கு எதிரே ஒரு பெரிய எண்ணை எழுத எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் தெரியாத எண்ணை நான் ஒருமுறை தெரிந்த மாதிரி எழுதினால், தெரிந்த எண்ணை மாற்றி எழுதியவனுக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது. அந்த வேலையை ஒரு தடவை செய்துவிட்டேன், போதும்.

ஏழாவது மாதம் அட்டவணையிலிருந்து வரிசை எண் கலத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்று ஒரு கலம் போட்டேன். மைத்துனரிடம் கொடுத்தபோது அந்தக் கலத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தார். தந்தி, நீதிமன்றக் கோப்பு, ரத்தான கணக்கெடுப்பு, எரித்துவிட்டார்கள், எரித்துவிட்டார்கள், கணக்கு இல்லை. இப்போதும் நாலரைக் கோடி என்றுதான் சொல்கிறார். 'ஒண்ணுமே இல்லை' என்று சொல்வதை விட்டுவிட்டார்.

உங்களுக்கும் அந்த அட்டவணை வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். 23 வரிகள் இருக்கின்றன. ஏதாவது எண் தவறு என்று பட்டால் எங்கே படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சரிபார்த்துத் திருத்துகிறேன்.